தொட்டித் தண்ணீர்

வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் அவர் வண்டியையும் கழுவி நிறுத்திவிடுவது எங்கள் வீட்டு வழக்கம், கோபால்சாமி அண்ணே. மாட்டு வண்டியில் வந்த காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோம். இப்போது ஜீப்பில் வந்தால் ஜீப்பைக் கழுவுகிறோம். பஸ் முதலாளியான உங்களுக்கு இதில் தப்பாக ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

வாணியம்பாடியில் என் தோல் மண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஊர் ஊராக வாங்கும் ஆட்டுத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வந்து சேரும். அதைத் தொட்டியில் ஊறப்போட்டு அலசுவோம். அந்தத் தண்ணீரைக் கொட்டிய இடத்தில் புல் முளைக்காது. உப்பில் துருப்பிடித்துப்போவதால் என் மண்டிக் கதவின் கீல்களை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் கடை வைத்திருக்கும் சைபுல்லாவுக்குத்தான் எங்கள் மகள் ஃபரீதா என்று முடிவு செய்தது என் மனைவி ஃபக்ருன்னிசா. அவன் அவளுடைய அண்ணன் மகன். கண்ணை மூடுவதற்கு முன் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை. பையனைப் பற்றிக் குறை சொல்லவும் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் தேடாமல் இல்லை.

ஃபரீதா போய்விட்டால் எங்கள் வீட்டில் என்னோடு பேச ஆள் கிடையாது. மண்டிக்கு வரும் தரகர்கள் ஒவ்வொருவரும் எப்படிப் பேரம் பேசுவார்கள் என்று சாப்பிட உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டுவாள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். என் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த தரகரை ஆரம்பிப்பாள். இதையெல்லாம் இனி மலைமேல் ஒரு கடைக்காரன் பார்த்துச் சிரிப்பான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

சைபுல்லாவிடம் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகைக்கு மலையிறங்கி வருவான். தொழுதுவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிடுவான். ஜீப் இல்லாவிட்டால் வரத்து குறையும், வரத்து குறைந்தால் கல்யாணப் பேச்சு ஆறிப்போகும் என்று நினைத்தேன். ஆகவே அவன் பிரியாணியில் கை வைத்ததும் சடையன் குடத்தைத் தூக்குவான். சடையன் மண்டியில் வேலை செய்பவன். சொன்னதைச் செய்வான், ஏன் என்று கேட்கமாட்டான். வண்டியின் மேல்பக்கத்துக்குக் கிணற்றுத் தண்ணீர். அடியில், சேறு ஒட்டும் இடத்துக்கெல்லாம் தொட்டித் தண்ணீர். மேல்பக்கத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கவும் சொல்லியிருந்தேன். அந்த விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

"மாமு, என் வண்டிய நான்கூட இப்பிடி கழுவுனதில்ல" என்று சைபுல்லா நெகிழ்ந்துபோவான்.

"மலையேறுற வண்டி மாப்ளே, அடிப்பக்கம் சுத்தமா இருக்கணும்" என்பேன்.

குளிர், மழை, புளி உலுக்கும் காலம் என்று ஏதாவது சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. பிறகு ஒருநாள் காவலூர் தாண்டி ஒரு வளைவில் ஜீப்பின் அடிச்சட்டம் ஒடிந்து வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. ஏற்றியிருந்த புளி மூட்டைகள் முதலில் விழுந்ததால் அவன் அவற்றின்மேல் விழுந்தான். கால் மட்டும் ஒடிந்தது. ஆளுக்கு ஆபத்து வரவேண்டும் என்று நான் நினைத்ததே கிடையாது. வராது என்றும் நினைத்துப் பார்த்ததில்லை.

பட்டறை துரைக்கண்ணு ஜீப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு அசந்துபோனார்.

"இன்னா பாய் இது, கடலுக்குள்ள ஓட்டுன வண்டி மாதிரி கீது. கைய வெச்சா உதிருது. மலையில ஏது உப்பு?"

"பட்டாளத்து வண்டியாச்சே, எந்தக் கடலோரம் நின்னுச்சோ" என்றேன். சுற்றி நின்றவர்கள் என் அறிவை மெச்சினார்கள்.

நொண்டி நடப்பவன் உனக்கு எதற்கம்மா என்று ஃபரீதாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "கால் ஒடஞ்சா இன்னா அத்தா? குடும்பம் பண்ணத்தான போறேன், ஓட்டப் பந்தயத்துக்கா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல்.

கால் கூடியதும் சைபுல்லா உங்கள் பஸ்ஸில் வர ஆரம்பித்தான். அண்ணே, இனிமேல் சொல்வதை நீங்கள் உட்கார்ந்து கேட்பது நல்லது.

உங்கள் பஸ் மதியம் என் மண்டி வாசலில்தான் நிற்கும். சும்மா நிற்கிற நேரத்தில் என் ஆளே கழுவட்டும் என்று நானாக வந்து சொன்னேன். ஒரு நயா பைசா வாங்கவில்லை. பாய் மாதிரி மனுஷன் உண்டா என்று நீங்கள் கடைத்தெருவில் பேசியதும் என் காதுக்கு வந்தது. பஸ் பெரிய வண்டி. தொட்டித் தண்ணீர் நிறையச் செலவானது.

அப்படியும் கல்யாணம் நடந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் டாக்சி வைத்து அவளை அழைத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். கோபம்தான். தினமும் உங்கள் பஸ் அவள் இருக்கும் ஊருக்குக் கிளம்பும்போது என் வயிறு எரிந்தது. சடையனுக்கும் கை பழகிவிட்டது.

முந்தாநாள் உங்கள் கண்டக்டர் அர்ச்சுனன் வந்தான். "பாய், தலப்பிரசவத்துக்கு உங்க பொண்ணு வியாழக்கெழம நம்ம வண்டியிலதான் வர்றாங்களாம். முன்சீட்டு போட்டு வெச்சுட்டேன்" என்றான். அவன் டீ குடிக்கப் போனதும் பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்தேன். சட்டத்தில் விரலை வைத்தேன். அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையில் வந்தது. மேலே மலைக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் காலடி வைக்கும்போது என் முகத்தில் துரு கொட்டியது. பிரேக் குழாயைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பிப் போயிற்று.

நேற்று மலைக்கு ஒரு டாக்சி அனுப்பினேன். "பஸ்ஸு இருக்கும்போது அத்தாவுக்கு இன்னாத்துக்கு வீண் செலவு" என்று சொல்லிக் காலி வண்டியைத் திருப்பிவிட்டாள். காரணத்தைச் சொன்னால் டாக்சியில் ஏறுவாள். ஆனால் அது என் வீட்டுக்கு வராது. அதனால்தான் அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் பஸ்ஸை அரித்தது நான்தான். சைபுல்லாவின் காலை ஒடித்ததும் நான்தான். போலீசுக்குப் போவதானால் போங்கள், ஃபரீதாவுக்குக் குழந்தை பிறக்கும்வரை மட்டும் பொறுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை மட்டும் பஸ்ஸை எடுக்கவேண்டாம். பஸ் இல்லையென்றால் அவள் டாக்சியில் வந்துதானே ஆகவேண்டும். நாளைக்கு நீங்கள் தாராளமாக ஓட்டலாம். வெள்ளிக்கிழமையும் ஓட்டலாம். அன்றைக்குச் சந்தை, ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டு போவார்கள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனசு வராது.