ஜோடி கேசட்டின் அட்டைக்கு நான்கு வரி

குமாரசாமி அவர்களுக்கு,

எங்கள் குழுவின் இரண்டு கேசட்டுகளையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கப் போவதாகவும், தண்டாயுதபாணி குழுவை விட்டு ஏன் விலகினான் என்று அட்டையில் அச்சடிக்க நான்கு வரி வேண்டும் என்றும் உங்கள் சங்ககிரிக் கடையிலிருந்து எழுதியிருந்தீர்கள். லாரிக்குப் பின்னால் 'ஹாரன் அடிக்கவும்' என்பதற்கு மேல் எதையும் எழுதிப் பழகாத பெயிண்டர் நான். நான்கு வரியில் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டாயுதபாணியும் நானும் 1978இல் குழுவைத் தொடங்கினோம். மற்றக் குழுக்காரர்கள் சினிமாப் பாட்டுப் பாடிக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டார்கள். நாங்கள் சொந்தப் பாட்டுப் பாடிப் பட்டினி கிடந்தோம். தண்டாயுதபாணி லாரி ஓட்டுவான். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது எல்லாம் அவன்தான். கிட்டார் என் கையில் இருந்தது. வாசித்தேன் என்று சொன்னால் கிட்டாருக்கே கோபம் வரும்.

1982இல் முதல் கேசட் வந்தது. லாரிக்காரர்கள் பம்பாய் வரை போட்டுக் கேட்டார்கள். அதில் இடமில்லாமல் நின்றுபோன ஏழு பாட்டுகளைச் சேர்த்து ஜோடியாக இன்னொரு கேசட் போடலாம் என்றான் அவன். எட்டுக்கு ஒரு பாட்டு குறைந்தது.

"அப்புசாமி மச்சா, உன்ர பாட்டு ஒண்ணு குடு. நானே பாடறேன்" என்றான்.

டயரையும் உயிரையும் அடுத்தடுத்த வரிகளில் முடித்து ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தேன். அவன் சிரிக்காமல் படித்தான். அதற்காகவே அவன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

ஈரோட்டில் ஒலிப்பதிவுக்குத் தேதி கிடைத்தது, நாற்பது நாள் கழித்து. முன்னால் தேதியே இல்லை என்றுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவன் தொண்டை கம்மிப்போனது. சேலத்து டாக்டர், உள்ளே கட்டி இருக்கிறது, ஒரு மாதத்துக்குள் வெட்டி எடுத்தால் ஆள் பிழைப்பான், பாட்டு மட்டும் போய்விடும் என்றார். "போனாப் போகுதுங்க. எனக்குப் புள்ளைய வளத்தோணும்" என்றான் அவன். பாட்டில்லாமல் இவன் எப்படி உயிரோடு இருப்பான் என்று நான்தான் மிகவும் கவலைப்பட்டேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் அம்மனிடம் பூக் கேட்காமல் உடம்பில் கத்தி வைக்க வீட்டார் சம்மதிப்பதில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓர் இலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் ஆப்பரேஷன், சிவப்பு வந்தால் பச்சிலை வைத்தியம் போதும் என்று பேசிக்கொண்டோம். எடுப்பது அவன் மனைவி சௌந்திரம். மடிப்பதற்கு யாருக்கும் சந்தேகம் வராத ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"ஆத்தாளே வேண்டாம்னு சொல்லிப்போட்டா. இனி என்னுங்ணா பயம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்தான் ஆறுதல் சொன்னேன். மற்றப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் ஈரோட்டில் பாடினான். என் பாட்டைக் கடைசியில் வைத்திருந்தோம். அதற்குள் அவன் குரல் கிழிந்து, கைக்குட்டையில் ரத்தம் பட்டிருந்தது. இருந்தாலும் மூன்று முறை திரும்பப் பாடச் சொன்னேன். டயர் என்ற இடம் எனக்குத் திருப்தியாக இல்லை. அன்றோடு விலகினான். அதன்பிறகு சேலத்துக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். தைப் பொங்கலுக்கு ஆள் இல்லை.

ஜோடி கேசட்டும் நன்றாகத்தான் போனது. கடைசிப் பாட்டு வருவதற்குள் டிரைவர்கள் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள் என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். அன்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் செத்த அன்றுகூட நான் சாப்பிட்டேன்.

போன வாரம் சௌந்திரம் வந்தாள். மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, பூக் கேட்க வேண்டும் என்றாள்.

"பொட்டலம் நீங்க மடிச்சாத்தானுங்ணா எனக்கு நிம்மதி. எடுக்கறதும் நீங்களே எடுத்துப்போடுங்க. என்ர கை ஆகாதுங்ணா. அன்னைக்குச் சிவப்பை எடுத்த கைதானே இது. புருசனைத் தின்ன கை."

இந்த ஆறு வருடமாகக் கோயிலில் அந்தக் கையை நீட்டி அவள் திருநீறு வாங்கியதில்லையாம். "சரி சாமி, வாரேன்" என்று சொல்லி அனுப்பினேன். அதன்பிறகு பிரஷ் பிடித்தால் கோடு நேராக வரவில்லை.

அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை. எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான் வந்திருக்கும். இரண்டு பொட்டலத்திலும் நான் சிவப்பு அரளியைத்தான் வைத்தேன்.

இதை அட்டையில் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். சௌந்திரத்திடம் மட்டும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நேரில் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். புதுப் பெட்டியில் என் பாட்டை முதலில் வையுங்கள். கடைசியில் கிடப்பதால்தான் யாரும் கேட்பதில்லை. மற்றபடி பாட்டில் ஒரு குறையும் இல்லை.