புனிதவதியின் பாஸ்வேர்ட்

எனக்கு இமெயில் அனுப்பச் சொல்லிக்கொடுத்தவள் என் மகள் புனிதவதிதான். ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தொண்ணூற்றெட்டில் எங்கள் மாடிக்குக் கீழேயே ஒரு சைபர் கஃபே திறந்தார்கள். என்னை அங்கே உட்கார வைத்து, "பாஸ்வேர்டை யார் கேட்டாலும் குடுக்காதீங்கப்பா. நானே கேட்டாலும்" என்றாள்.

அப்படிப்பட்டவள் எப்படி ஏமாந்தாள் என்று கேட்கிறீர்கள், வேலாயுதம் தம்பி. பெர்த்திலிருந்து வந்து, என் எதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் அவளோடு வேலை பார்த்துவிட்டுப் பெர்த்துக்குப் போன நீங்கள், அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழைத்துப் போவதாக எழுதிய வாரம் அது. வேறு பெயரில் ஒரு கணக்குத் திறந்து, இமெயில் கம்பெனி எழுதுவதுபோல் அவளுக்கு எழுதினேன். "இன்று மாலை உங்கள் கணக்கு மூடப்படும், கடிதங்கள் அழிந்துவிடும், காப்பாற்ற வேண்டுமானால் உடனே பாஸ்வேர்டை அனுப்புங்கள்."

சந்தேகப்பட எத்தனையோ இடம் இருந்தது. கம்பெனிக்காரன் பாஸ்வேர்டைக் கேட்கமாட்டான். அவனுக்கு அது தேவையே இல்லை. அனுப்பிய முகவரியோ எவனும் இலவசமாகத் திறக்கக்கூடியது. அவள் பெயர்கூடப் போடாமல் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்றுதான் ஆரம்பித்திருந்தேன். யோசிக்க விடாமல் விரட்டியது வேறு. அடுத்தவருக்கு வந்திருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பாள். ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் கடிதங்கள் இருந்தன. ஏமாறுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை, தம்பி. எதையோ இழந்துவிடுவோம் என்று பயந்துபோனவர்கள். அவள் எதற்குப் பயப்படுவாள் என்று பெற்றவனுக்குத் தெரியாதா?

அன்றே பதில் வந்தது. பாஸ்வேர்டுக்குக் கீழே, "தயவுசெய்து எதையும் அழித்துவிடாதீர்கள்" என்று எழுதியிருந்தாள். ஆனாலும் அவள் கணக்குக்குள் போனேன். மனம் மாறிவிட்டது, இனி எழுத வேண்டாம் என்று அவள் பெயரில் உங்களுக்கு எழுதினேன். நீங்கள் கெஞ்சி எழுதியதையெல்லாம், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கீழே இறங்கிப் போய் அழித்தேன். நீங்கள் போன் செய்தபோது எடுத்து, அவளுக்குப் பேச விருப்பமில்லை என்று சொன்னவனும் நான்தான். பிறகு உங்கள் பெயரிலும் ஒரு கணக்குத் திறந்து, இங்கே எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று அவளுக்கு எழுதினேன்.

"நல்லா இருங்க" என்று மட்டும் பதில் போட்டாள். அது எனக்குத்தான் வந்தது.

அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். முகம் வீங்கி வெளியே வந்தவள், "தோசை சுடட்டுமாப்பா?" என்றாள். இரண்டு போதும் என்றேன்.

தூர தேசத்தில் மகள் தனியாகக் கஷ்டப்படக்கூடாது என்று செய்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதுதான் காரணம். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

"இதை அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க அங்கிள்" என்கிறீர்கள். நியாயம்தான். சொல்லத்தான் போகிறேன். ஆனால் இன்றைக்கு வேண்டாம். அவள் வேலை முடிந்து வரும் நேரம். அதற்குள் நீங்கள் கிளம்பிவிடுங்கள். இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறாள். அவளை மறுபடியும் அழவைக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?