கலாவதி கோத்த அட்டை

— கலாக்கா... இன்னா பண்ணி வெச்சிருக்குற!

— கோத்து வெச்சிருக்கேன். கண்ணு தெரியலயா?

— ஐயோ, என் அட்டை! மெட்ராஸ் ஆபீசு அட்டை!

— தெரியுதுடா. வெறும் ரப்பர் பேண்டப் போட்டு நான் அட்டை கோக்கற பலகை மேல வெச்சிட்டு எங்கியோ போய்ட்ட. ஒரு அட்டை முன்ன பின்ன ஆனா சேலையில நெய்யற அன்னப்பட்சிக்கு வால் இருக்கற எடத்துல மூக்கு வந்துடும். அதான் கயிறு போட்டு கோத்துட்டேன். இனிமே கலையாது.

— இது தறியில போடற அட்டை இல்லக்கா. கம்ப்யூட்டருக்கு!

— அட்டை இருக்குது. அட்டையில ஓட்டை இருக்குது. அப்புறம் இன்னா?

— அந்த ஓட்டைதான் அதுக்கு பாஷையே! நீ ஓரத்துல எக்ஸ்ட்ரா ஓட்டை போட்டு...

— ஓட்டை போடாம கயிறு எங்க நுழையும், உன் காதுலயா?

— நான் "கூட்டு"ன்னு சொன்னத இப்ப அது இன்னான்னு படிக்குமோ...

— இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லேன். படிச்சிருக்கல்ல?

— அதுக்கு இங்கிலீஷும் தெரியாது. வெறும் நம்பர்தான். உள்ள நம்பர் போட்ட அறை அறையா இருக்குது. இந்த நம்பர் அறையில இருக்கறத எடு, அந்த நம்பர் அறையில இருக்கறதோட கூட்டு, இங்க கொண்டாந்து வையின்னு ஒவ்வொண்ணா சொல்லணும். ஒண்ண வுட்டா முழிச்சிக்கினு நிக்கும்.

— எங்க வூட்டுக்காரர் மாதிரி. எழுந்திரு, தட்டு எடு, உட்காரு, துன்னு...

— மாமாவ ஏன் இழுக்கற? நாளைக்கு காலையில மேனேஜர் எதிர்ல ஓட்டிக் காட்டணும்கா. ஓடினாத்தான் வேலை பர்மனெண்டு. பர்மனெண்டு ஆனாத்தான் கூரத்து ஊர்க்காரங்க எனக்குப் பொண்ணு குடுப்பாங்க. எல்லாம் போச்சு!

— கத்தாத, பக்கத்து தறியில எட்டிப் பாக்கறாங்க. இன்னும் பொழுது இருக்குது. இப்பவே கிளம்பி ஆபீசுக்குப் போ. இதப் பாத்து வேற அட்டை அடிச்சிடு.

— வே... வேணாம்கா.

— வேணாமா?

— போனது போச்சு, வுடு. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.

— இன்னான்னு?

— எங்க அக்கா... படிக்காதவ... தறி அட்டைன்னு நெனச்சி கோத்துட்டா, ஒரு வாரம் டைம் குடுங்கன்னு...

— ஓ. படிக்காதவ.

— சும்மா பேச்சுக்குக்கா...

— டேய் குமாரு. போன தபா வந்தப்ப, சோறு துன்னும்போது கூட அந்த அட்டைய மடியிலேந்து எறக்கல நீ. இந்த தபா மட்டும் எப்படி என் பலகை மேல, கயித்துக்குப் பக்கத்துல வெச்ச?

— ...மறதி.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— அது... நிக்க மாட்டேங்குதுக்கா.

— எது?

— ப்ரோகிராமு. கணக்க முடிச்சிட்டு நிக்கணும். எங்கியோ ஒரு அறை நம்பரத் தப்பா போட்டுட்டேன். வரதர் கோயில் பிராகாரம் சுத்தற மாதிரி ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துக்கினு இருக்குது. எது தப்புன்னு தெரியல. கேக்கவும் வெக்கமா இருக்குது. எதிர்ல அட்டை இருந்தா உன் கை சும்மா இருக்காதுன்னு தெரியும்...

— பழிய என் மேல போடலாம்னு.

— பயமா இருக்குதுக்கா. ரொம்ப பயமா இருக்குது.

— கேட்டுக்கோ. இந்த மேல் அட்டைய ஒரே ஒரு தபா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீ பாக்கவே இல்ல, கத்தறதுலயே குறியா இருந்த. இது போன தபா அடுப்பு பத்தவெக்கச் சொல்லி நீயே குடுத்த, ஆபீசுல கழிச்சுப் போட்ட பழைய அட்டை. நீ வெச்சிட்டுப் போன தினுசுலயே சந்தேகம் வந்து உன்னுத எடுத்து வெச்சிட்டேன்; அரிசிப் பானை மேல ரப்பர் பேண்டோட அப்படியே இருக்குது, ஒரு ஓட்டை போடல. எடுத்துக்கினு பஸ்ஸப் புடி. நிக்க மாட்டேங்குதுன்னு மேனேஜர்கிட்ட உன் வாயால சொல்லு... வேணும்னா, அக்கா படிக்காதவன்னும் சேத்துச் சொல்லிக்கோ.