அவர் இன்னும் இறங்கலை

விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். ஊருக்கு வெளியே ஆறு வழிச் சாலை... ஒரு ஈ காக்கை கிடையாது.

அங்கே அப்புறம் வருகிறேன். நின்றுபோன நம் வேனை இழுக்கிற லாரி வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார் டிரைவர். அந்த ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், சாரல் உள்ளே வருகிறது. போனை அணைத்து வையுங்கள். நீங்கள்தானே ஏதாவது சொல்லச் சொன்னீர்கள்... சொல்கிறேன். குறுக்கே பேசாதீர்கள்.

நம் கணக்குப் பிரிவில் இருந்தாளே, நெட்டை என்று கூப்பிடுவோமே, போன வருஷம் வேலையை விட்டுப் போனவள். அவளுடைய சொந்த அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. அவள் அத்தான், அத்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அத்தான் என்றே வாயில் வருகிறது.

அத்தானுக்குத் தொழில் கார் வீடியோ. அடிபட்ட கார்களை ஏலத்தில் எடுப்பார். தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, புத்தம் புதுசாக ஆக்குவார். ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்துப் போடுவார். வெட்டி ஒட்டுகிற வேலை முழுக்க அக்காவுடையது. சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ராத்திரி வரை அங்கேதான்.

ஆரம்பத்தில் அத்தான் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். பானெட்டில் தண்ணீர் தெளித்து, துளி உருள்வதை மெதுவாக ஓட்டிக் காட்டினார். சைலன்சர் பக்கத்தில் மைக் வைத்து உறுமலைப் பிடித்தார். நூறு பேர் பார்த்தால் பெரிசு. ஒருநாள் ஒரு காரின் பழைய சொந்தக்காரர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். தன் காரைப் பார்த்ததும் கண் கலங்கி நின்றார். அது பதிவாகிவிட்டது. அன்று ராத்திரி அத்தான் தூங்கவில்லை. ஏறிக்கொண்டே போகிற எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரை எவன் பாக்குறான். கார் பக்கத்துல நின்னு அழுற மூஞ்சியத்தான் பாக்குறான். முதல் மூணு செகண்டுல அந்த மூஞ்சி வந்துடணும்," என்றார் அக்காவிடம்.

அதற்கப்புறம் அவர் ஏலத்தில் தேடியது நல்ல காரை இல்லை. ஆள் செத்த காரை.

அப்படி வந்ததுதான் அந்த அடர் நீலக் கார். அதை ஓட்டியவர் விடியற்காலையில் மகளோடு வந்துகொண்டிருந்தார். பாப்பா பின் சீட்டில் தூக்கம். சாலையோரம் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருக்கிறது. கடைசி நொடியில் பார்த்தவர் ஸ்டியரிங்கை ஒடித்துத் தன் பக்கத்தைக் கொடுத்தார். பாப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. அவரை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் தகரத்தை வெட்ட வேண்டியிருந்தது. சேதி கேட்டு அவர் மனைவி ஓடி வந்தபோதும் அவர் உள்ளேதான். உயிர் இருந்ததா இல்லையா, யாரும் சொல்லவில்லை. "இன்னும் இறக்கலம்மா, கிட்டப் போகாதீங்க" என்று மட்டும் சொல்லித் தடுத்தார்களாம்.

இதெல்லாம் அத்தானுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தார்.

மூன்று மாதத்தில் கார் தயார். அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். "உங்க வீட்டுக்காரரோட மூக்குக்கண்ணாடி கார்ல கிடைச்சுதும்மா. காலையில வந்து குடுத்துடறேன்." கண்ணாடி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா நம்பிக் கீழே வந்தார். விடிகிற நேரம். வீட்டு வாசலில் சாம்பல் நிறத் துணி போர்த்திய ஏதோ ஒன்று. அத்தான் துணியை உருவினார்.

அந்த அம்மா அழவில்லை. வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

அத்தான் காரை மறுபடி துணியால் மூடினார். "மைக் ஆன் ஆகலம்மா. தப்பா நெனக்காதீங்க, இன்னொரு தடவ உள்ளேருந்து வந்துடுங்க."

அந்த அம்மா போனார். வந்தார். சாவி கொடுத்த பொம்மை மாதிரி. மறுபடி அழவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது, யாரும் சொல்லாமலே போய் ஓட்டுநர் கதவைத் திறந்தார். காலி சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போல, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

"அவர் இன்னும் இறங்கலை," என்றார்.

அத்தானுக்கு அதுதான் தலைப்பு. ஒரு வாரத்தில் இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். சாப்பிடும்போது ஒவ்வொரு பின்னூட்டமாக வாசித்துக் காட்டினாராம். ஒருத்தர் அழுதேன் என்று போட்டிருந்தார். இன்னொருத்தர், அந்தம்மா இன்னும் கொஞ்சம் அழுதிருக்கலாம் என்று போட்டிருந்தார்.

காரை அவர் விற்கவில்லை. தானே ஓட்டினார். கொஞ்ச நாளில் ஒன்று கவனித்தார். காலையில் ஏறினால் சீட் பின்னால் தள்ளியிருக்கும். அத்தான் குள்ளம். முந்தின நாள் முன்னால் இழுத்து வைத்தது. தன்னை விட ஒரு சாண் உயரமான ஆளுக்குத் தோதாக அது பின்னால் போயிருக்கும். நடுக் கண்ணாடியும் திரும்பியிருக்கும்... சாலையைக் காட்டாது. பின் சீட்டில் ஒரு மூலையைக் காட்டும்.

சீட்டை நகர்த்துகிற மோட்டாரில் கோளாறு என்று அதை மாற்றினார். மறுநாளும் அப்படித்தான். உள்ளே ஒரு வாடை வேறு. புது மெத்தை, பாலிஷ், அதையெல்லாம் மீறி... ரேடியேட்டர் வெடித்தால் வருமே, சூடாக ஒரு தித்திப்பு வாடை. அது.

அத்தான் பயந்தார் என்றா நினைக்கிறீர்கள்? சீட் நகர்வதைப் படம் பிடிக்கக் கேமரா வைத்தார். கேமரா ஓடும்போது அது நகரவில்லை. அதில்தான் அவருக்குக் கோபம்.

இதற்கிடையில் வீடியோவுக்குக் கீழே பின்னூட்டத்தில் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாப்பா எங்கே? பாப்பாவைக் காட்டுங்கள்.

அந்த அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். அத்தான் ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் போய்க் காரை நிறுத்தினார். யாரையும் கூப்பிடவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்தார். கூட்டத்திலிருந்து பாப்பா வந்தாள். அப்பா கார். பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, எப்போதும் உட்காரும் மூலையில் ஏறி உட்கார்ந்தாள்.

உள்ளே மூன்று சின்ன கேமரா. அக்கா இதை வெட்டும்போது பார்த்ததுதான், நெட்டை என்னிடம் சொன்னது.

"அப்பாகிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லு கண்ணு. இங்க பாத்துச் சொல்லு," என்கிறார் அத்தான்.

பாப்பா பக்கத்தில் வைத்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருக்கிறாள். அத்தானுக்கு அழுகை வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"அன்னிக்கு என்ன சத்தம் கேட்டுச்சு? அப்பா உன்னைக் கூப்பிட்டாரா?"

பாப்பாவின் உதடு நடுங்குகிறது. அத்தான் கேமராவைக் கொஞ்சம் கிட்டே திருப்புகிறார். சட்டென்று பாப்பாவின் முகம் தெளிகிறது. அத்தானைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு ஒரு சாண் மேலே பார்க்கிறாள். யாரோ சொல்வதைக் கேட்பது போலத் தலையை ஆட்டுகிறாள்.

"மாமா... அப்பா உங்களைத் தள்ளி உக்காரச் சொல்றார்."

அத்தான் சிரித்துவிட்டார். "போதும். இது போதும்."

அக்கா கெஞ்சினாள். "இத மட்டும் போடாதீங்க. பச்சக் குழந்தைங்க அது."

"வெட்டறதுதான் உன் வேலை. கருத்து சொல்றது இல்ல."

அக்கா வெட்டினாள். உதடு நடுங்குகிற இடத்தை முதல் மூன்று நொடியில் வைத்தாள். அதை நெட்டையிடம் சொல்லும்போது தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே சொன்னாளாம்.

ராத்திரி அந்த அம்மா போன் செய்தார். "ஒரே ஒரு தடவதான் கேக்கிறேன். எடுத்துடுங்க."

"ஊரே உங்களுக்காக அழுவுதும்மா. நீங்களே பாருங்க," என்றார் அத்தான். அந்தப் பேச்சையும் பதிவு செய்துகொண்டார்.

"சரி, அவர்கிட்ட சொல்லிடறேன்," என்று வைத்துவிட்டார் அந்த அம்மா.

அத்தானுக்கு மூன்றாவது பாகம் பாக்கி. விபத்து நடந்த அதே சாலை, அதே நேரம், அதே இடம். ஐந்து மணி பத்து நிமிடம். சூரியன் வரவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் நீலப் பெயின்ட் தண்ணீர் மாதிரி தெரியும். தனியாகத்தான் போனார்.

கேமராவில் எல்லாம் இருந்தது. அக்கா ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு அழித்துவிட்டாள்.

அத்தான் பேசிக்கொண்டே ஓட்டுகிறார். "இதே சாலையிலதான் அன்னிக்கு..." பேச்சு நிற்கிறது. கீழிருந்து ஒரு சத்தம். உய்ங்ங்... சீட் மோட்டார். அவரோடு சேர்ந்து சீட் பின்னால் போகிறது. அவருடைய கால் பெடலுக்கு எட்டவில்லை. கார் வேகம் குறையவில்லை. நடுக் கண்ணாடி தானாகத் திரும்புகிறது.

அத்தான் பெல்ட்டைக் கழற்றுகிறார். கியர் கம்பியைத் தாண்டி, முழங்கால் இடித்துக்கொண்டு, மெதுவாகப் பக்கத்து சீட்டுக்கு நகர்கிறார். பஸ்ஸில் பெரியவருக்கு இடம் கொடுக்கிறவரைப் போல... மரியாதையாக. அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து மாட்டுகிறார். ஸ்டியரிங்கை யாரும் பிடிக்கவில்லை. அது சின்னச் சின்னதாக அசைந்துகொண்டிருக்கிறது.

காலி சீட்டைப் பார்த்து, "சரிங்க" என்கிறார்.

அப்புறம் சத்தம். தகரம் நசுங்குகிற சத்தம். கண்ணாடி கொட்டுகிற சத்தம். ஹார்ன் விடாமல் அலறுகிற சத்தம். ஆனால் படத்தில் ஒன்றுமே உடையவில்லை. கார் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தான் மட்டும் பெல்ட்டில் போய் மோதுகிறார். நிமிர்கிறார். மூச்சு வாங்குகிறார். மறுபடி சத்தம். மறுபடி மோதுகிறார். மறுபடி... அக்கா பதினொன்று வரை எண்ணினாளாம்.

சாலை பெருக்குகிறவர்கள்தான் பார்த்தார்கள். ஓரமாக, ஒழுங்காக நிறுத்தின கார். எஞ்சின் ஓடுகிறது. ஒரு கீறல் இல்லை. உள்ளே அத்தான். விலா எலும்பு மூன்று உடைந்திருந்தது. "எதுல மோதினார்?" என்று டாக்டர் கேட்டார்.

எலும்பு கூடியது. பேச்சு வரவில்லை. காரை வீட்டுக்குக் கீழே கொண்டுவந்து போட்டார்கள். தினம் விடியற்காலை ஐந்து பத்துக்கு, படுக்கையில் அத்தானின் வலது கால் விறைக்கும். இல்லாத பிரேக்கை மிதிக்கும். அடுத்த நொடி உடம்பு தூக்கிப் போடும். சட்டையைத் திறந்தால் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்காக, பட்டை அகலத்தில், புதுசாகக் கன்றிச் சிவந்த தடம். ஓட்டுகிறவர் பெல்ட் விழுகிற பக்கம் இல்லை. எதிர்ப் பக்கம். டாக்டர்கள் அக்காவைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் மதியம். வாசல் மணி. கதவைத் திறந்தால் அந்த அம்மா. உடம்பு தேறி, தலை வாரி, நன்றாக இருந்தார்.

"கார் சும்மாதான் நிக்குதுன்னாங்க. பாப்பாவ ஸ்கூல்ல விடணும், கூட்டிட்டு வரணும். குடுத்துடறீங்களா?"

அக்கா ஓடிப் போய்ச் சாவியை எடுத்து வந்து அவர் கையில் திணித்தாள். அப்படியே கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்லுங்கக்கா. பட்டது போதும்னு சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

அந்த அம்மா கையை விடுவித்துக்கொண்டார். கோபம் இல்லை, ஒன்றும் இல்லை.

"கேட்டுப் பாத்தேம்மா. பாப்பா பெரியவளாகட்டும்ங்கறார்." படியில் இரண்டடி இறங்கினார். திரும்பினார். "நானும் வேணாம்னு சொல்லல."

அக்கா ஜன்னலுக்கு வந்து பார்த்தாள். அந்த அம்மாவோடு யாரும் வந்திருக்கவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு போய், ஓட்டுநருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார். பெல்ட் போட்டுக்கொண்டார். கார் பின்னால் வந்து, ஒடித்து, தெரு முனைக்குப் போய், இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது.

அதே நேரம் படுக்கையறையில் கட்டில் சுவரில் போய் மோதுகிற சத்தம். மணி இரண்டரை.

அன்றோடு விடியற்காலையில் தூக்கிப் போடுவது நின்றுவிட்டது. இப்போது காலை எட்டரைக்கு ஒரு முறை. சாயங்காலம் நாலுக்கு ஒரு முறை. பழைய தடம் மறைவதற்குள் புதுத் தடம். பாப்பா இப்போது இரண்டாம் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அத்தான் அசைவதே இல்லை. நன்றாகத் தூங்குகிறாராம்... பள்ளிக்கூடம் லீவு.