அரை மணி நேரச் செபம்

இல்லைங்க சிஸ்டர், போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு? இந்தக் கான்வென்ட்டுல துணி வெளுக்கிறவ. பொட்டி கட்டியாச்சு, மதர்கிட்டயும் சொல்லியாச்சுங்கிறீங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு, இப்படிச் செத்த உக்காருங்க.

ரெண்டு வருசமாச் செபத்துல உக்காந்தும் உள்ள ஒண்ணுமே அசையலைங்கிறீங்க. எனக்குப் பன்னெண்டு வருசங்க. ஆமா, நெசமாத்தான். தெனம் சாயந்தரம் நாலரைக்கு, இஸ்திரி முடிஞ்சதும், சேப்பல்ல கடைசி பெஞ்சு. நீங்களே பாத்திருப்பீங்க. புஷ்பமேரிக்கு எம்புட்டு பக்தின்னு பேசிக்குவாங்க. பக்தியெல்லாம் இல்லை. முட்டி வலிக்கும். நாளைக்கு எந்த ரூம் பெட்ஷீட்டுன்னு நெனப்பு ஓடும். மேகம் எறங்கி ஜன்னலெல்லாம் வெள்ளையாகும். அம்புட்டுதான்.

பழக்கிவிட்டது ஜெபதுரை சாமியாருங்க, எழுபத்திமூணுல. என் வீட்டுக்காரர் மரியசெல்வத்துக்கு ஏரியில போட் வேலை. சீசன் முடிஞ்சா குடிதான். அழுதுக்கிட்டே போய் நின்னேன். சாமியார் சொன்னாரு, ஒண்ணும் கேக்காத, தெனம் அரை மணி நேரம் நற்கருணைக்கு முன்னாடி சும்மா உக்காரு. ஆண்டவர் வர்றப்ப வருவாரு, உக்கார்றது மட்டுந்தான் உன் சோலின்னு. ஏழு மாசம் உக்காந்தேன். ஒண்ணுமில்லை. போய்க் கேட்டா, பொறுமையா இரும்மான்னாரு.

அப்ப எனக்கு ஒரு மக இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாதா? இசபெல்லா. நாலு வயசு. வட்டக்கானல் போற பாதையில ஒத்த ரூம் வீடு. டிசம்பர் மாசம். பிள்ளைக்குச் சளி, தூங்கிக்கிட்டு இருந்துச்சு. குளிரப்படாதேன்னு சட்டியில கரி போட்டு, கங்கு நல்லாப் பிடிச்சதும் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சேன். ஜன்னலைச் சாத்தி, இடுக்குல துணிகூட அடைச்சேன். அரை மணி நேரத்துல வந்துருவோம்னு கதவை வெளியே கொண்டி போட்டுட்டு சேப்பலுக்கு வந்துட்டேன்.

மூடுன ரூம்ல கரிப்பொகை ஆளைக் கொல்லும்னு எனக்கு யாரு சொன்னா? திரும்பிப் போனா, தூங்குற மாதிரியே கெடக்கு. கன்னம் ரெண்டும் நல்ல செவப்பு. ஒடம்பு தேறிருச்சு போலன்னு நெனச்சு, போர்வையை இழுத்துவிட்டேன் சிஸ்டர். கஞ்சி கூட வச்சேன். குடிக்க எழுப்பறப்பத்தான் கை தொவண்டு விழுந்துச்சு.

வீட்டுக்காரர் பொறகுதான் வந்தாரு. எம்புட்டு நேரம் போயிருந்தேன்னு ஒரு கேள்விதான் கேட்டாரு. அரை மணி நேரம்னேன். என்னை அடிக்கலை. அன்னையிலருந்து குடிக்கவும் இல்லை. ஆமாங்க, அந்தக் குடியை நிறுத்தத்தான் நான் சாமியார்கிட்டப் போனது. யாராவது என்னைக் குத்தம் சொன்னா இவரு முன்னாடி வந்து நிப்பாரு. அரை மணி நேரந்தான் போனா, பாவம் அவ என்ன செய்வாம்பாரு. இதே வார்த்தையைப் பன்னெண்டு வருசமும் சொன்னாரு. போன ஆடியில அவரும் போய்ச் சேந்துட்டாரு.

கோவமா? யார் மேல? இல்லைங்க. அடக்கம் பண்ணி நாலாம் நாளே சேப்பலுக்கு வந்துட்டேன். இவளுக்கு என்ன நெஞ்சுன்னு ராக்காயி, பக்கத்து வீட்டுக்காரி, மூஞ்சிக்கு நேராவே கேட்டா.

எதுக்கு வர்றேன்னா... யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க போறவங்க, சொல்றேன். பிள்ளையை விட்டுட்டு வந்தேனே, அன்னைக்கு வந்துச்சு சிஸ்டர். நீங்க ரெண்டு வருசமாத் தேடுறீங்களே, அது. ஏழு மாசமா வராதது அந்த ஒரு நாள் வந்துச்சு. உள்ள என்னமோ எளகி, ஒடம்புல கனமே இல்லை. யாரோ பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணி நிக்கலை, ஆனா அழுகை இல்லை. கடிகாரத்துல அஞ்சு அடிச்சது கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. பிள்ளை நெனப்பும் வந்துச்சு. இன்னுங் கொஞ்ச நேரம் இருப்போமேன்னு இருந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு நாளும் வரலை. அன்னைக்கு வந்தது யாருன்னு கேக்கத்தான் தெனம் போய் உக்கார்றேன். பதில் வர்ற வரைக்கும் உக்காந்துதானே ஆகணும்?

அன்னைக்கு, ராத்திரிச் செபத்துக்குச் சிஸ்டர்மாருங்க உள்ள வந்தப்பத்தான் எந்திரிச்சேன். ஏழு மணி. ரெண்டரை மணி நேரங்க. வீட்டுக்காரர்கிட்ட அதைக் கடைசி வரைக்கும் சொல்லலை.