பரத்துக்கு அத்தை முறை

அந்தப் பக்கம் டேப்ப வெக்காதீங்க சார், அது நம்ம செவுரு மட்டும் இல்ல. அந்தாண்ட மௌரீன் வீடு. வரிசையா ஆறு வீடு, ஒண்ணுக்கொண்ணு நடுவுல ஒத்தச் செவுருதான். அவங்க வீட்டுல கரண்டி வுழுந்தா இங்க எனக்குத் தூக்கிப் போடும். ஆங், எழுதிக்குங்க, ரெண்டு பக்கமும் பொதுச் செவுரு. முன்னால ரோடு, பின்னால கன்சர்வன்சி சந்து, அந்தக் காலத்துல குப்பை வார்றவங்க வர்ற வழி.

பேங்குலேருந்து வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க, ஃபேன் போடறேன். கடகடன்னும், ஆனா சுத்தும். தண்ணி குடிக்கறீங்களா? காவேரித் தண்ணிதான், போர் தண்ணி இல்ல. அதுக்கும் மதிப்பு ஏறுமா சார்? கொஞ்சம் ஏத்தியே... இல்ல இல்ல, நீங்க உள்ளதை எழுதுங்க. நான் யாரு சொல்றதுக்கு.

நானா? வந்ததுமே சொன்னேனே, பரத்துக்கு அத்தை முறை. ஓனரு பரத் இருக்கான்ல, அவங்கப்பா கணேசமூர்த்திக்கு நான் தங்கச்சி மாதிரி. தங்கச்சிதான். ஒண்ணு விட்ட தங்கச்சி. அவரு போயி ரெண்டு வருஷம் ஆவுது. பரத்துக்கு வேலை ஒயிட்ஃபீல்டு பக்கம், அங்கியே ஃபிளாட்டு. இங்க நானும் எங்க வூட்டுக்காரரும் இருந்து பாத்துக்கறோம்.

கட்டி எத்தினி வருஷமா? அது... எழுபது இருக்கும். எம்பதா? மேல பாத்தாலே உங்களுக்குத் தெரியுமே. தேக்கு உத்தரம் சார். பதினாலு இருக்கு, தூக்கம் வராதப்போ படுத்துக்கினே எண்ணியிருக்கேன். ஆறு வீட்டையும் ஒரே மேஸ்திரி கட்டினாருன்னு மௌரீன் சொல்லுவா. ஆமா, அண்ணன் வீட்டு வயசு எனக்குத் தெரியல, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியுது. சிரிக்காதீங்க.

இந்த மூலையில ஒழுகும். மழைன்னா குண்டான் வெச்சுடுவேன். மூணாவது உத்தரத்துல கரையான் ஏறியிருக்கு, தட்டிப் பாருங்க, பொக்குன்னு சத்தம் கேக்கும். எழுதினா நல்லதா, வுட்டுட்டா நல்லதா? எனக்கே தெரியல சார் எது நல்லதுன்னு. ஒரு நேரம் மதிப்பு ஏறணும்னு இருக்கு, ஒரு நேரம் ஏறவே கூடாதுன்னு இருக்கு.

இருங்க, போனு. ஹலோ. ஆங், வந்துட்டாரு. அளந்துட்டாரு. கார்ப்பரேஷன் கத்தா பேப்பரு ஜெராக்ஸ் குடுத்துட்டேன். ம். சொல்லிட்டேங்க. சொல்லிட்டேன்ப்பா, அப்படியேதான் சொன்னேன். சரி.

பரத்துதான். காலையிலேருந்து இதோட மூணு வாட்டி.

என்ன பாக்கறீங்க செவுத்துல? ஆமா, ஒரு ஆணிகூட கிடையாது. காலண்டரு கதவுக் கொண்டியில தொங்குது, சாமி படமெல்லாம் ஷெல்ஃபுல சாச்சு வெச்சிருக்கேன். பழைய செவுரு இல்லியா, அடிச்சா உதிரும். ஓனரு கண்டிப்பா அடிக்கக் கூடாதுன்னாரு. அண்ணனைத்தான் சொல்றேன். அப்போ அண்ணன்தான ஓனரு.

கடைசியா எவ்ளோ போடுவீங்க? கட்டடத்துக்கு ஒண்ணுமே இல்லியா? எல்லாம் மண்ணுக்குத்தானா? அநியாயம் சார் இது. எம்பது வருஷமா நிக்குது, அதுக்குக் கழிச்சிக்கினே வருவீங்களா? நாலு வருஷமா நான் இந்தத் தரையைத் துடைக்கறேன். வருஷா வருஷம் என் கைக்காசுல வெள்ளையடிக்கறேன். அதெல்லாம் உங்க ஃபார்ம்ல வராது, தெரியும். ஆமா, நாலு வருஷம்தான். அதுக்கு முன்ன மர்பி டவுன்ல வாடகைக்கு இருந்தோம். அண்ணன் வீடு இருக்கும்போது ஏன் வாடகைக்குன்னு கேக்கறீங்க. நல்லாத்தான் கேக்கறீங்க.

நான் ஒண்ணு கேக்கறேன் சார். லோனை வாங்கிட்டு அவன் கட்டலன்னா? பேங்கு வீட்டை எடுத்துக்கும். சரி. உள்ள இருக்கறவங்க? ஓனரு குடும்பம்னு எழுதியிருந்தா பேச்சே இல்லியா, வெளியே போவ வேண்டியதுதானா.

எல்லம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. என்கூட ஸ்கூல்ல ஆயாவா இருக்கா. லிங்கராஜபுரத்துல ஒருத்தரு வீட்டுல இருந்தா, அந்த ஓனரு லோன் கட்டல. ஒரு நாளு டியூட்டி முடிஞ்சு போறா, கதவுல சீலு. கிரைண்டரு, பீரோ எல்லாம் ரோட்டுல. கிரைண்டர் மேல ஒக்காந்துக்கினு எனக்குப் போன் பண்ணா. பேங்குலேருந்து அளக்க வந்தப்போ அவளும் வாயை மூடிக்கினு காபி போட்டுக் குடுத்தவதான். நான் உங்களுக்கு இன்னும் காபி போடல, கவனிச்சீங்களா? கை ஓடல சார்.

கெளம்பிட்டீங்களா? ஒரு நிமிஷம், பையை மூடாதீங்க. யாரு குடியிருக்காங்கன்னு உங்க ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்காமே, எல்லம்மா சொன்னா. எழுதிட்டீங்களா? என்னன்னு?

ஓனரு குடும்பம்னா? அதை அடிச்சிடுங்க சார். எனக்கு அண்ணனே கிடையாது.

கணேசமூர்த்தி ஐயாவை நான் மொத மொதல்ல பாத்ததே டு-லெட் போர்டு பாத்துட்டு இந்த வாசல்ல வந்து நின்னப்போதான். நாங்க லீசுக்கு வந்தவங்க. உங்களுக்குத் தெரியாததா, நம்ம பெங்களூர்ல எல்லாரும் பண்றதுதான். வாடகை கிடையாது, மொத்தமா ஒரு தொகை குடுக்கறது, காலி பண்ணும்போது அப்படியே திருப்பி வாங்கிக்கறது. எங்க வூட்டுக்காரரு கோவிந்தன் ரிட்டயராகி வந்தது பூரா இதுலதான் கிடக்கு. ஸ்டாம்பு பேப்பர்ல எழுதினோம். ரிஜிஸ்டர் பண்ணல, யாரு சார் பண்றாங்க. அது முடிஞ்சே ஒரு வருஷம் ஆவுது. பரத் சாருகிட்ட கேட்டா, லோன் வந்தாத்தான் ஆன்ட்டி தர முடியும், லீசுன்னு தெரிஞ்சா லோனே வராது, வர்றவருகிட்ட அத்தைன்னு சொல்லிடுங்கன்னாரு. நானும் மண்டைய ஆட்டிட்டேன்.

இப்போ நான் சொன்னதால அவருக்கு லோன் வராம போலாம். எங்க காசும் வராம போலாம். எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னைத் திட்டுவாரு. பயமாத்தான் இருக்கு சார். ஆனா வாயை மூடிக்கினு இருந்தா நாங்க இந்த வீட்டுல இருந்ததுக்கே ஒரு சாட்சி இருக்காதே.

ஒழுகற மூலை, கரையான் வெச்ச உத்தரம், எல்லாம் எழுதினீங்க. மரகதம், கோவிந்தன்னு உள்ள ரெண்டு பேரு இருக்காங்க, அதையும் எழுதுங்க.