பதுங்குகுழிக்குள் கிடைத்த மாதிரி

சைரன் ஏறி இறங்கி அலறுகிறது. குழிக்குள் ஒருவர் மேல் ஒருவராக விழுகிறோம். சுண்ணாம்புக்கல் முழங்கையைக் கிழிக்கிறது. விளிம்பில் நின்று, விமானத் தாக்குதல் காவலுக்குப் போட்ட வார்டன் கத்துகிறார்.

“குனியுங்கோ! தலையைக் காட்டாதையுங்கோ!”

1942, சித்திரை. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பின்வளவு. அங்கே ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. நுணுக்குக்காட்டி என் பொறுப்பு. குழிக்குள் என் பக்கத்தில் குருநகர் அந்தோனியாள். மடியில் மகள் பிலோமினா, நாலு வயது. சில நாட்களாகச் சளியும் இரத்தமுமாக வயிற்றால் போகிறது.

அமீபாவா, பக்டீரியாவா? கேள்வி அவ்வளவுதான். அமீபா என்றால் ஊசி. அது சின்ன இதயத்துக்குக் கொடியது. பக்டீரியா என்றால் சல்பா குளிசை. யுத்தம், கப்பல் இல்லை, அலுமாரியில் ஒரே ஒரு போத்தல். நிச்சயம் தெரியாமல் டொக்டர் இரண்டையும் தொடமாட்டார். தொடாதது சரிதான்.

முந்தாநாள் அந்தோனியாள் மாதிரி கொண்டுவந்தாள். பீங்கான் கோப்பை பளபளத்தது. வளர்ப்புத் தட்டில் கிருமி ஒன்றும் முளைக்கவில்லை. விசாரித்தேன். கோப்பையைப் பினாயிலில் அலசி, ஈரத்தோடு கொண்டுவந்தாளாம்.

“பெரிய ஆக்கள் பாக்கிற சாமான். ஊத்தைக் கோப்பையிலை தரலாமே, ஐயா?”

எங்கள் ஊர் மரியாதைக்குக் கிருமியும் தப்பாது. புதிதாக ஒன்று எடுக்கச் சொன்னார் டொக்டர். அதற்குள் சைரன்.

குழிக்குள் பிள்ளைக்கு மறுபடி போனது. தாயின் சேலையில். சூடாக, பினாயில் படாமல். என் உத்தியோக காலத்தில் அதைவிட நல்ல மாதிரி கிடைத்ததில்லை. ஆய்வுகூடம் கூப்பிடு தூரம். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி போதும். சேலைத் தலைப்பைக் கிழித்துக்கொண்டு எழும்பினேன்.

“இரும் காணும்! குண்டு போடப்போறாங்கள்!”

“ஆர் போடுறது? மேலை ஒரு காகமும் இல்லை.”

“அதுதான் பயம்! இரும்!”

வார்டன் என் சட்டையைப் பிடித்து இழுத்து விழுத்தினார். நீண்ட சைரன் ஊதும்வரை ஒருவரும் வெளியேறக் கூடாது. விதி. அது ஊதவில்லை. பின்னர்தான் அறிந்தோம். ஆபத்து நீங்கியது என்று சொல்லக் ஆஸ்பத்திரிக் கந்தோர்த் தொலைபேசி அடித்தபடியே இருந்ததாம். அதை எடுக்கவேண்டிய கிளாக்கரும் விதிப்படி ஒரு குழிக்குள். நீண்ட சைரனுக்காகக் காத்திருந்தார்.

வெயில் ஏறுகிறது. பிள்ளை தண்ணீர் கேட்கிறாள். நெருப்பணைக்க வாளியில் மணல் இருக்கிறது. தண்ணீர் இல்லை.

“இந்தா, ஊதப்போறான், என்ரை குஞ்சு.”

மறுபடி கேட்கிறாள். பிறகு கேட்கவில்லை.

மத்தியானம் ஊதியது. ஓடினேன். துளி காயத் தொடங்கியிருந்தது. ஆனாலும் சீழ்க்கலங்கள் குவியல் குவியலாக. அமீபாவின் சுவடே இல்லை. பக்டீரியா. டொக்டர் அலுமாரியைத் திறந்தார். குளிசையை அரைத்துக் கரைத்தோம். பிலோமினாவின் வாயோரமாக அது வழிந்தது.

பின்னேரம் வார்டன் வந்தார். முகத்தில் சந்தோஷம்.

“கடவுளே எண்டு ஒரு சேதமும் இல்லை.”

இருந்தது. நான் சொல்கிறேன். விழுந்த குண்டு: இல்லை. இடிந்த சுவர்: இல்லை. அதே வார்ட்டில் அதே நோயோடு கிடந்த இரண்டு பிள்ளைகள் அதே குளிசையில் பிழைத்தார்கள். அவர்கள் சேதக் கணக்கில் வரமாட்டார்கள்.

சேதம்: ஒரு சேலைத் தலைப்பு.

பிலோமினா, நாலு வயது.